ஃபைபர் படகில் கொப்புளம்: வருவது ஏன்? தடுப்பது எப்படி?



இந்த மாதப் பாடம் கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்துக் கடலோரக் குழுக்களை மனதில் வைத்து எழுதியது. விவசாய ஊர்க் குழுக்களும் படியுங்கள். கடனில் வாங்கிய பொருளைக் கட்டிக் காப்பது எல்லாருக்கும் பொதுவான பாடம்தான்.

குழுக் கடனில் ஒரு கறவை மாடு வாங்குகிறோம். மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் அன்று சாயங்காலமே நமக்குத் தெரிந்துவிடும். டாக்டரைக் கூப்பிடுவோம். அதே கடனில் ஒரு ஃபைபர் படகு வாங்கினால்? "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது? மாதா மாதம் தவணை கட்டாவிட்டால் கூட்டத்தில் தலை குனிந்து நிற்பது யார்? நாம்தான். அப்படியென்றால் படகுக்கு வரும் நோயையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுமரமும் ஃபைபரும்

நம் தாத்தா காலத்தில் கட்டுமரம். தொழில் முடிந்து கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் போட்டுக் காய வைப்பார்கள். ஈரம் ஏறின மரம் கனக்கும், சீக்கிரம் உளுத்துப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கட்டுமரமும் வள்ளமும் வலையும் போயின. அதற்கு முன்பே ஃபைபர் படகு நம் கரைக்கு வந்திருந்தாலும், சுனாமி நிவாரணத்துக்குப் பிறகுதான் ஊருக்கு ஊர் ஃபைபர் ஆயிற்று. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் படகு தேவைப்பட்டதால், புதிது புதிதாகப் படகு கட்டும் இடங்கள் முளைத்தன. நல்ல வேலையும் நடந்தது, அவசர வேலையும் நடந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மறுபடியும் படகுகள் அடிபட்டன, மறுபடியும் அவசர ரிப்பேர்.

ஃபைபர் வந்ததும் ஒரு நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. "மரம்தான் உளுக்கும், ஃபைபருக்கு ஒண்ணும் ஆகாது." இது பாதிதான் உண்மை. ஃபைபர் உளுக்காது, கரையான் அரிக்காது. ஆனால் ஃபைபரும் தண்ணீர் குடிக்கும். மெதுவாக, நம் கண்ணுக்குத் தெரியாமல் குடிக்கும். குடித்தது அதிகமானால் கொப்புளம் வரும்.

படகின் தோலும் சதையும்

ஃபைபர் படகைச் செய்யும்போது முதலில் மோல்டில் ஜெல்கோட் என்ற கலர் பூச்சைப் பூசுவார்கள். வெளியே பளபளவென்று நமக்குத் தெரிவது அதுதான். இது சுமார் அரை மில்லிமீட்டர் கனம், நம் விரல் நகத்தின் அளவு. இதுதான் படகின் தோல்.

அதற்கு உள்ளே கண்ணாடி இழையால் ஆன மேட்டை ரெசினில் நனைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வருவார்கள். இது படகின் சதை. படகுக்குப் பலம் தருவது இந்தச் சதை. சதைக்குள் தண்ணீர் போகாமல் காப்பது தோல்.

கொப்புளம் எப்படி வருகிறது?

பாயசத்துக்குப் போடும் காய்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊற வையுங்கள். ஒரு மணி நேரத்தில் உப்பிவிடும். திராட்சையின் தோலில் ஓட்டை ஏதும் இல்லை. ஆனாலும் தண்ணீர் உள்ளே போகிறது. ஏனென்றால் உள்ளே சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை, உப்பு போலக் கரையும் பொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் தோலைத் தாண்டிப் போகும். பள்ளிப் பாடத்தில் இதைச் 'சவ்வூடு பரவல்' என்று சொல்வார்கள்.

படகிலும் இதே கதைதான். ஜெல்கோட் முழுக்க முழுக்கத் தண்ணீர் புகாத பொருள் இல்லை. நாள் கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஊடுருவும். உள்ளே ரெசின் சரியாக இறுகாமல் விட்ட இடம், காற்றுக் குமிழி நின்ற இடம், ரெசின் படாமல் வெள்ளையாக இருக்கும் இழை இவையெல்லாம் இருந்தால் ஈரம் அங்கே தங்கும். ரெசினில் மிச்சம் இருக்கும் சில இரசாயனங்கள் அந்த ஈரத்தில் கரைந்து ஒரு புளித்த திரவம் உண்டாகும். திராட்சைக்குள் சர்க்கரை செய்த வேலையை இந்தத் திரவம் செய்யும். இன்னும் இன்னும் தண்ணீரை இழுக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, ஜெல்கோட் உப்பிக்கொண்டு வரும். அதுதான் கொப்புளம்.

எந்தப் படகுக்கு ஆபத்து அதிகம்?

தேவனாம்பட்டினம், தாழங்குடா போல மணலில் ஏற்றி வைக்கும் படகு தினமும் கொஞ்சமாவது காய்கிறது. அதற்கு மணலில் உரசித் தேயும் ஆபத்துதான் அதிகம். வெள்ளாற்று முகத்திலும் உப்பனாற்றிலும் பிச்சாவரம் உப்பங்கழியிலும் மாதக் கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்குக் கொப்புளம் வரும் ஆபத்து அதிகம்.

இதில் பலருக்கும் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. "உப்புத் தண்ணிதானே எல்லாத்தையும் அரிக்கும்" என்று நினைக்கிறோம். இரும்புக்கு அது சரி. ஃபைபர் கொப்புளத்துக்கு நல்ல தண்ணீர்தான் மோசம். வெளியே இருக்கும் தண்ணீரில் உப்பு குறையக் குறைய, உள்ளே இழுக்கும் வேகம் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கழிமுகத்துக்கு வரும்போது படகு கிடப்பது கிட்டத்தட்ட நல்ல தண்ணீரில்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஈரம் வேகமாக ஏறும். நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பானதுதான்.

இன்னொரு இடத்தையும் மறந்துவிடுகிறோம். அதுதான் படகின் உள்பக்கம். வெளியில் ஜெல்கோட் இருக்கிறது. உள்ளே பல படகுகளில் ஒழுங்கான பூச்சே இருக்காது. மழைத்தண்ணீர் உள்ளே ஒரு சாண் நின்றால், வெளியிலிருந்து ஏறுவதைவிடச் சுலபமாக உள்ளிருந்து ஏறும். புயல் எச்சரிக்கை வந்து கரையில் ஏற்றிய படகு, மழைத்தண்ணீரோடு வாரக் கணக்கில் கிடப்பதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

நமக்கு என்ன நஷ்டம்?

நாலு சின்னக் கொப்புளம் வந்ததால் படகு நாளைக்கே முழுகிவிடாது. பயப்பட வேண்டாம். ஆனால் கவனிக்காமல் விட்டால் மூன்று நஷ்டம் வரும்.

ஒன்று, படகு கனக்கும். கனத்த படகுக்கு எஞ்சின் எண்ணெய் அதிகம் குடிக்கும். ஒரு கணக்குக்கு, நாளுக்கு ஒரு லிட்டர் கூடப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாள் தொழில் என்றால் 20 லிட்டர். வருஷத்துக்கு 240 லிட்டர். இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். எத்தனை தவணைப் பணம் என்று தெரியும்.

இரண்டு, ஈரம் சதைக்குள் போய் மேட்டுக்கும் ரெசினுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப் போனால் பலம் குறையும். அலையில் அடி வாங்கும் இடத்தில் விரிசல் விடும். அந்தப் படகில் கடலுக்குப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள்.

மூன்று, விற்கும்போது விலை போகாது. கடன் முடியும் முன்னே படகு முடிந்துவிட்டால், இல்லாத படகுக்கு நாம் தவணை கட்டிக்கொண்டிருப்போம்.

கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குப் படிப்பு தேவையில்லை. கண், கை, காது, மூக்கு போதும்.

1. கண்: படகைக் கரையேற்றிக் கழுவிய உடனே பாருங்கள். காலை வெயிலில் படகின் பக்கவாட்டில் குனிந்து, சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மேடு அப்போது நிழல் போட்டுத் தெரியும். காயக் காயச் சில கொப்புளம் சுருங்கி மறைந்துவிடும். அதனால் தள்ளிப்போடக் கூடாது.

2. கை: உள்ளங்கையால் தடவுங்கள். மிளகு அளவிலும் இருக்கும், எட்டணாக் காசு அளவிலும் இருக்கும்.

3. காது: சுத்தியல் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டங்' என்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் 'பொத்' என்று கேட்கும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான்.

4. மூக்கு: உடைந்த கொப்புளத்திலிருந்து வரும் தண்ணீர் காடி போலப் புளிப்பாக நாறினால், அது இந்த நோய்தான். வெறும் பெயிண்ட் உப்பல் இல்லை.

5. இழுப்பு: முன்பு 8 பேர் இழுத்த படகை இப்போது 10 பேர் இழுக்க வேண்டியிருக்கிறதா? படகு தண்ணீர் குடித்திருக்கலாம்.

பார்த்த இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணுங்கள். எத்தனை, எங்கே, என்ன தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எண்ணினால் நோய் ஏறுகிறதா, நிற்கிறதா என்று நோட்டே சொல்லும்.

தடுப்பது எப்படி?

தினமும்: தொழில் முடிந்ததும் உள்ளே நிற்கும் தண்ணீரை முழுக்க இறைத்துத் துடையுங்கள். கரையில் ஏற்றினால் தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பைத் திறந்து வையுங்கள். படகை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் நன்றாக வடியும்.

இழுக்கும்போது: வெறும் மணலில் இழுத்தால் அடிப்பக்கத் தோல் தேய்ந்து மேட் வெளியே தெரியும். பிறகு தண்ணீருக்குத் தடையே இல்லை. உருளைக் கட்டை போட்டு இழுங்கள். அடிப்பக்கத்து நடுக்கட்டையில் தேய்மானத்துக்கென்று கூடுதலாக மேட் ஒட்டி வைப்பது நல்லது. வருஷா வருஷம் தேய்ந்ததைப் புதுப்பிக்கலாம்.

அடியில் ஒட்டும் சிப்பி: இரும்புக் கத்தியால் சுரண்டினால் ஜெல்கோட்டும் சேர்ந்து வந்துவிடும். மரச் சட்டம் அல்லது பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள்.

ஓட்டை போட்டால்: ஆணி, போல்ட்டுக்காகப் போட்ட ஒவ்வொரு ஓட்டையின் உள் விளிம்பிலும் ரெசின் பூச வேண்டும். பூசாத ஓட்டை திறந்த வாய். மிதப்புக்காக உள்ளே ஃபோம் அடைத்த அறையில் ஓட்டை விழுந்தால், போன தண்ணீர் வெளியே வருவது கஷ்டம்.

மழைக்காலம்: வேலைக்குப் போகாத படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றிவிடுங்கள். மேலே தார்ப்பாய் கட்டுங்கள், ஆனால் காற்றுப் போக வழி விடுங்கள். முடிந்தால் கவிழ்த்து வையுங்கள்.

வருஷம் ஒரு முறை: மழை முடிந்து தை, மாசியில் முழுச் சோதனை. கழியில் கட்டிக் கிடக்கும் படகை வருஷத்தில் சில வாரமாவது கரையில் காய விடுங்கள். எல்லாப் படகையும் ஒரே சமயத்தில் ஏற்றினால் அடுப்பு எரியாது. முறை வைத்து ஒன்றன் பின் ஒன்றாக ஏற்றலாம்.

கொப்புளம் வந்துவிட்டால்?

மேலே பெயிண்ட் அடித்து மறைப்பதுதான் பலரும் செய்வது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம் அது. சரியான முறை இது.

முதலில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கொப்புளத்துக்குள் அழுத்தம் இருக்கும், குத்தியதும் புளித்த திரவம் கண்ணில் தெறிக்கும். கொப்புளத்தைத் திறந்து, விட்டுப்போன ஜெல்கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால், முடிந்தால் வெந்நீரால், பிரஷ் போட்டுப் பல நாள் கழுவ வேண்டும். உள்ளே கரைந்திருக்கும் இரசாயனம் போகாவிட்டால் அதே இடத்தில் மறுபடி வரும்.

அடுத்தது காய வைப்பது. இதில்தான் பொறுமை வேண்டும். பல வாரம் ஆகும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு அடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடுங்கள். ஒரு நாள் வெயில் பட்ட பிறகு தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நன்றாகக் காய்ந்த பிறகு ஈப்பாக்ஸி பட்டி வைத்து அடைத்து, தேய்த்துச் சமமாக்கி, மேலே ஈப்பாக்ஸிப் பூச்சு பல கோட் அடிக்க வேண்டும். கார் பட்டி வேண்டாம், அது ஈரம் இழுக்கும். கொப்புளம் ஆழமாகப் போய் மேட்டே பிரிந்திருந்தால், வேலை தெரிந்த படகு கட்டுபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். ஃபைபரைத் தேய்க்கும் தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

புதுப் படகுக்குக் கடன் கொடுக்கும் முன்

கொப்புள நோய் பாதி படகு பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன் படகு கட்டும் இடத்துக்குக் குழுவில் இரண்டு பேராவது நேரில் போங்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஜெல்கோட்டுக்கும் முதல் அடுக்குக்கும் என்ன ரெசின்? சாதாரண ஜி.பி. ரெசினைவிட ஐசோ ரெசின் தண்ணீரைத் தாங்கும். விலை கொஞ்சம் கூடும்.
2. எத்தனை அடுக்கு மேட்? எழுதிக் கொடுப்பீர்களா?
3. கேட்டலிஸ்டை அளந்து ஊற்றுகிறீர்களா, கண் மதிப்பா? ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி என்று அளவு இருக்கிறது. குறைந்தால் ரெசின் சரியாக இறுகாது.
4. வேலை கூரைக்குக் கீழே நடக்கிறதா? மேட் நனையாமல் வைக்கிறார்களா? அடைமழை நாளில் ரெசின் வேலை வேண்டாம்.
5. ஒவ்வொரு அடுக்கையும் உருளை போட்டுக் காற்றுக் குமிழி எடுக்கிறார்களா?
6. உள்பக்கத்துக்கும் பூச்சு உண்டா?
7. மோல்டிலிருந்து எடுத்து எத்தனை நாளில் தருவீர்கள்? மறுநாளே தண்ணீரில் இறக்கக் கூடாது. ஒன்றிரண்டு வாரமாவது இறுக வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு ஃபைபர் மீன்பிடிப் படகு கட்டுவதற்கென்றே 2009-ல் ஒரு கையேடு வெளியிட்டது. இந்தத் தொழிலுக்கு அளவும் முறையும் உண்டு. கேட்பது நம் உரிமை. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முன்பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

கூட்டத்தில் கேட்கும் சில கேள்விகள்

"ஏன் மேடம், சிப்பி ஒட்டாம இருக்க அடிக்கிற பெயிண்ட் அடிச்சா போதாதா?" போதாது. அது சிப்பியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது.

"பழைய போட்டு வாங்குறோம், எப்படிப் பாக்குறது?" கரையில் ஒரு வாரம் காய்ந்த படகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொப்புளம் சுருங்கியிருக்கும். தண்ணீரிலிருந்து ஏற்றிய அன்றே பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் தட்டிப் பாருங்கள்.

"நாங்க சொன்னா வீட்டுல கேப்பாங்களா?" எடுத்ததும் குறை சொல்ல வேண்டாம். வட்டம் போட்டு எண்ணின நோட்டைக் காட்டுங்கள். எண்ணெய்க் கணக்கைக் காட்டுங்கள். கணக்குக்கு மறுப்பு சொல்வது கஷ்டம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசியுங்கள். குழுக் கடனில் வாங்கிய படகு எத்தனை, எந்த வருஷம், எங்கே நிறுத்துகிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். படகுக் கடன் கேட்கும் உறுப்பினர் மேலே சொன்ன ஏழு கேள்விக்கும் பதில் வாங்கி வர வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். படகுக் கடன் வாங்கியவர்கள் மாதம் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று தனியாகச் சேமிக்கலாமா என்றும் பேசுங்கள்.

கயிற்றை அவிழ்த்துக் கட்டுமரத்தைக் காய வைத்த பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. படகு ஃபைபராக மாறிவிட்டது, காய வைக்கும் வேலை மாறவில்லை. தண்ணீரை இறைப்போம், காய வைப்போம், எண்ணிப் பார்ப்போம். கடைசித் தவணை கட்டிய பிறகும் படகு நம் கையில் உழைக்கட்டும்.